உண்டியல் அண்ணையின் பீங்கான் மனிதர்கள்

"இது உங்களுக்குச் சற்றுத் தூரமான விஷயம் இல்லையா?" என்று பேராசிரியர் கேட்டார்.

பான் நகரப் பல்கலைக்கழகத்தில், அவருடைய அறையில் இருந்தோம். பட்டப்படிப்பின் இறுதிக் கட்டுரைக்கு நான் எடுத்திருந்த தலைப்பு அவர் முன்னால் மேசையில் கிடந்தது. நாசி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியின் தெருக்களில் குளிர்கால உதவிக்கென்று காசு சேர்த்தார்கள். காசு போட்டவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கொடுத்தார்கள். பீங்கானிலும் கண்ணாடியிலும் மரத்திலும் செய்த, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பொருட்கள். அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றேன். அவர் தாளைப் பார்த்தார். தாளில் இருந்த என் பெயரைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "உங்கள் பின்னணியில் இருந்து ஒரு தலைப்பை எடுத்தால் இன்னும் நன்றாக வருமே" என்றார்.

"இது என் பின்னணிதான்" என்றேன்.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வுப்பர்டால் நகரில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த ஒரு மனிதரைப் பற்றி அந்த அறையில் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மனிதருக்குச் சாமியின் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. பெரியவர்களுக்கு அவர் உண்டியல் அண்ணை. நான் நேரில் மாமா என்பேன். அவர் இல்லாத இடத்தில் எனக்கும் உண்டியல் அண்ணைதான். பிஸ்கட் வந்த ஒரு வட்டத் தகரத்தின் மூடியில் துளை வெட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் படியேறி இறங்காத வாரம் இல்லை. கோயிலுக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஊரில் வெள்ளம் வந்தால் வெள்ளத்துக்கு, வேறு சிலவற்றுக்கும். தகரத்தின் மேல் ஒட்டிய தாள் மாறும். தகரம் மாறாது.

அவர் ஒருநாளும் காசு கேட்டதில்லை. மணியை ஒரு தரம் மட்டும் அடிப்பார். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பார். கதவின் ஓட்டையால் பார்த்தால் அவரும் தகரமும் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய முறை. அப்பா கதவைத் திறந்தால் சுகம் விசாரிப்பார்.

"தம்பி, வேலை எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை அண்ணை. உள்ளை வாங்கோவன்."

"இல்லை இல்லை. சப்பாத்துக் கழட்ட வேணும். பிள்ளை படிக்கிறாவோ?"

"ஓம் அண்ணை."

"நல்லாப் படிக்கட்டும். உங்கடை ஆக்களிலை முதல் முதல் படிக்கிற பிள்ளை."

இதைச் சொல்லிவிட்டு அவர் பேசாமல் நிற்பார். ஜனவரி மாதத்தில் வாசல் கதவு திறந்திருந்தால் வீட்டுச் சூடு முழுவதும் படிக்கட்டுக்குப் போய்விடும். அம்மா குசினியில் இருந்து இருமுவார். அப்பாவின் கை மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் போகும். கை உள்ளே போன பிறகுதான் உண்டியல் அண்ணை சொல்வார்: "விரும்பினாத் தாங்கோ தம்பி. கட்டாயமில்லை."

அவர் மோசமான மனிதர் என்று யாரும் நினைக்கக் கூடாது. தகரத்தில் விழும் முதல் காசு எப்போதும் அவருடையது. ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை செய்தார். எத்தனையோ குளிர்காலத்துக்கு ஒரே ஜாக்கெட்தான். அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது, அவர் வீடு திரும்பும்வரை எங்களுக்குப் புட்டும் சொதியும் செய்துகொண்டு வந்தவர் அவர்தான். அந்த நாட்களில் தகரத்தை மேலே வைத்துவிட்டு வந்தார். ஒரு கையில் சட்டி, மறுகை வெறுமையாக இருந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போவார். பெரிய கடை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் அது கூடும். ஜெர்மனிக்கு வந்த புதிதில், அங்கே ஒரு தட்டில் கிடந்த பீங்கான் மனிதன் ஒருவனைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். தொப்பி போட்ட, முதுகில் மூட்டை சுமக்கும், பின்பக்கத்தில் ஊசி வைத்த மனிதன். போர்க் காலத்தில் நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது என்றானாம் விற்றவன். அந்த ஒரு வசனத்தில் இருந்து உண்டியல் அண்ணை மீளவே இல்லை.

"யோசிச்சுப் பாருங்கோ," என்பார் வருகிறவர்களிடம். "நாங்கள் குடுத்தவனுக்கு என்ன குடுக்கிறம்? ஒரு விபூதி. வீட்டை போக முன்னம் அழிஞ்சு போகும். இவங்கள் பீங்கானிலை செய்து குடுத்திருக்கிறாங்கள். குடுத்தது தெரியோணும் எல்லோ."

அவருடைய ஹாலில், சாமித்தட்டுக்குப் பக்கத்துச் சுவரில், பச்சை வெல்வெட் துணி ஒன்று தொங்கியது. அதில் வரிசை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். பாவாடை கட்டிய பீங்கான் பெண்கள், வர்ணம் பூசிய மரக் குதிரைக்காரர், கண்ணாடி வில்லைகள், வண்ணத்துப்பூச்சிகள், காளான்கள். ஜெர்மன் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அவருக்குத் தெரியாது. தொப்பிக்காரர், பூச்சியள், பள்ளிக்கூடப் பிள்ளையள் என்று தானே பிரித்திருந்தார். விற்பவர்கள் சிலவற்றின் மேல் சின்ன வட்டக் கடதாசி ஒட்டியிருப்பார்கள். கீழே இருக்கும் கழுகையும் அது காலில் பிடித்திருக்கும் நாசிகளின் சுவஸ்திகாவையும் வெளியில் காட்டுவது இந்த நாட்டில் குற்றம், அதனால் ஒட்டுவது. உண்டியல் அண்ணை அதை விலைச் சீட்டு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்துவிடுவார். தானம் கொடுத்த பொருளில் விலை ஒட்டியிருப்பது சரியில்லையாம்.

நான் ஜிம்னாசியம் என்ற உயர்பள்ளியில் இந்த வரலாற்றைப் படித்தபோது, பாடப் புத்தகத்துப் படம் ஒன்றில் அந்தக் காளானைக் கண்டேன். வகுப்பில் அதை முன்பே கையில் தொட்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமைதான். அன்றே மேல்மாடிக்குப் போனேன்.

"மாமா, இது நாசிக்காரர் சேர்த்த காசு."

"தெரியும் பிள்ளை. பின்பக்கம் வருசம் போட்டிருக்குத்தானே."

"விருப்பமில்லாத ஆக்களிட்டையும் வாங்கியிருக்கினம். இதைக் குத்தாமல் ரோட்டிலை போகேலாதாம். எல்லாரும் மறிச்சுக் கேப்பினமாம்."

அவர் யோசித்தார். "குளிருக்கை கிடந்தவனுக்கு அது தெரியுமே? அவனுக்குக் கரி வந்தது. அவன் மூட்டினான்."

"எல்லாருக்கும் வரேல்லை. யூதருக்குக் குடுக்கேல்லை."

அவர் வெல்வெட்டில் சரிந்திருந்த ஒரு குதிரைக்காரனை நேராக்கினார். "அது பெரிய பிழை," என்றார். "அதை நான் செய்ய மாட்டன். எங்கடை தகரத்திலை எல்லாருக்கும் பங்கு."

பாடம் முடிந்துவிட்டது என்று நான் படியிறங்கி வந்தேன். அவரோ அதில் இருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார். அவரிடம் அந்தக் காலத்துக் கதவு அட்டைகளும் இருந்தன. மாதச் சந்தா கொடுத்த வீடுகள் கதவில் ஒட்டி வைக்கும் தாள் சின்னங்கள். ஒட்டியிருந்தால் அந்த மாதம் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். சில கிழமைகள் போனதும் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் கதவுகளிலும் அட்டை வந்தது. குத்துவிளக்குப் படம், கீழே 'நன்றி' என்று ஒரு சொல். அச்சுச் செலவு அவருடையது. அம்மா அன்றைக்கே ஒட்டிவிட்டார். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா அது என்ன என்று கேட்டபோது, "சமயம்" என்று அம்மா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வீடு மட்டும் ஒட்டவில்லை. அந்த வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கடந்து போகும்போது எல்லோரும் ஒரு தரம் பார்த்தோம், அவ்வளவுதான். கோடை வருவதற்குள் அங்கேயும் விளக்கு ஏறியது.

பிறகு அந்த வருடம், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், கடல் சுனாமியாக ஊருக்குள் வந்தது. உண்டியல் அண்ணையின் தங்கை முல்லைத்தீவுக் கரையில் இருந்தார். ஒரு கிழமைக்குப் பிறகு செய்தி கிடைத்தது. "வீடு நிண்ட இடத்திலை மணல் கிடக்குதாம்," என்று அப்பாவிடம் சொன்னார். வேறு யாருடைய வீட்டையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். தங்கையைப் பற்றி அப்பா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று தகரத்தில் புதுத் தாள் ஒட்டிக்கொண்டு புறப்பட்டவர்தான், அதன் பிறகு அதைக் கீழே வைத்ததை நான் காணவில்லை. சாப்பிடும்போதும் மடியில் இருந்தது.

நகரின் எல்பர்பெல்டு பகுதிக் கடைத்தெருவில் சனிக்கிழமைகளில் மேசை போட்டுச் சேர்ப்பது என்று எங்கள் தமிழ்ச் சங்கம் முடிவெடுத்தது. அதற்கான அன்ட்ராக்கை, நகரசபைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தை, நான்தான் எழுதினேன். எங்கள் கட்டடத்துத் தமிழரில் என் ஜெர்மன்தான் நல்லது. அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர், அம்மா பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்தவர். அனுமதி உடனே கிடைத்தது. முதல் சனிக்கிழமை ஜெர்மன்காரர்கள் வரிசையில் நின்று போட்டார்கள். சுகம் விசாரிக்கவில்லை, வாசலில் காக்க வைக்கவில்லை, வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். உண்டியல் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை.

"வெறுங்கையோடை போகினம் பிள்ளை," என்றார். "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். தன் சேகரிப்பில் இரண்டு மூன்றாக இருந்தவற்றைப் பஞ்சில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். நான் மேசைத் துணியை விரித்து நிமிர்வதற்குள், பிள்ளைத் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு பெண்ணின் கோட்டில் அவர் பீங்கான் பெண் ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தார். அவள் குனிந்து பார்த்து, எவ்வளவு வடிவாக இருக்கிறது என்றாள்.

"மாமா, உதைக் குடுக்கேலாது," என்றேன் தமிழில், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு.

"ஏன்? அவையின்ர சாமான்தானே. திருப்பிக் குடுக்கிறம்."

ஒரு மணிநேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு ஊன்றுகோலோடு ஒரு வயதான பெண் வந்தார். ஒரு நோட்டை மடித்துப் போட்டார். உண்டியல் அண்ணை காளான் ஒன்றை நீட்டினார். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதற்கு இவர் தனியாகக் காசு கேட்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

இல்லை, இது கொடுத்ததற்கு நன்றி என்றேன்.

"சின்னப் பிள்ளையில் நானும் தகரம் குலுக்கியிருக்கிறேன்," என்றார் அவர். "எங்களைத்தான் அனுப்புவார்கள். பிள்ளைகள் குலுக்கினால் மறுக்க மாட்டார்கள் என்று." காளானை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நோட்டைத் திரும்பக் கேட்கவில்லை.

இதை நான் தமிழில் சொன்னபோது உண்டியல் அண்ணை போகும் அவரை எட்டிப் பார்த்தார். "எங்கடை ஆள்," என்றார்.

அடுத்து வந்த இளைஞனுக்குக் கிடைத்தது ஒரு தகர வில்லை. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். தேங்காய் எண்ணெயில் துலங்கிய கழுகு அங்கே இருந்தது. அவன் சத்தம் போடவில்லை. தொலைபேசியை எடுத்தான். நகர அதிகாரிகள் இருவர் வந்தார்கள். அனுமதித் தாளைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார்கள். இப்படி ஒன்றுக்கு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். பெட்டியை மூடி வைக்கச் சொன்னார்கள். மீண்டும் இப்படி நடந்தால் மேசைக்கு அனுமதி இல்லை என்றார்கள்.

அந்த ஞாயிறு சங்கம் கூடியது. தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும் தேவாலய மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளர் பிராங்பேர்ட்டில் கணினி வேலை செய்பவர். கூட்டத்துக்கு எப்போதும் டை கட்டிக்கொண்டு வருவார்.

"அண்ணையின்ர சேவையை நாங்கள் மதிக்கிறம்," என்று தொடங்கினார். அப்போதே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "ஆனா இனித் தகரத்தை இளம் ஆக்களிட்டைக் குடுப்பம். நாளைக்கு எங்களை நாசிக்காரர் எண்டு பேப்பரிலை போட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

உண்டியல் அண்ணை முன்வரிசையில் இருந்தார். தகரம் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது இல்லாமல் அவரை அந்த மண்டபத்தில் யாரும் பார்த்ததில்லை. அதைப் பறித்தால் மேல்மாடி வீட்டில் மிச்சம் இருக்கப் போவது யார் என்று எனக்கே தெரியவில்லை.

"பிள்ளை ஜிம்னாசியத்திலை படிக்கிறா," என்று செயலாளர் என்னைக் காட்டினார். "உது என்ன சாமான் எண்டு அவ சொல்லட்டும். பேந்து முடிவெடுப்பம்."

நான் எழுந்து முன்னால் போனேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற முதல் ஆள் நான்தான். உண்டியல் அண்ணையைக் காப்பாற்றவும் நினைக்கவில்லை, மாட்டிவிடவும் நினைக்கவில்லை. படித்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

மாதாமாதம் சேர்த்தார்கள் என்றேன். கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னார்கள். வாசலுக்கு வந்தவர்கள் அந்நியர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர். மறுத்தவரை அங்கேயே ஒன்றும் செய்ய மாட்டார்கள், பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள். கொடுத்தவர்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள், கதவில் ஒட்டிக்கொண்டார்கள், இனித் தங்களிடம் வர மாட்டார்கள் என்பதற்காக. சேர்ந்த காசில் கொஞ்சம் ஏழைகளுக்குப் போனது. மிச்சம் எங்கே போனது என்று கேட்பதற்கு யாருக்கும் துணிவில்லை.

மண்டபம் அமைதியாகிவிட்டது. என் பேச்சு நன்றாக இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று கண்டேன். ஆட்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார்.

உண்டியல் அண்ணை மட்டும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். முகம் முழுவதும் வெளிச்சம்.

"பாத்தியளே?" என்றார். "நான் எவ்வளவு காலமாச் சொல்லுறன். அவையும் எங்களைப் போலத்தான்."

செயலாளர் டையைத் தொட்டார். தகரத்தை வாங்க வேண்டும் என்றால் ஏன் வாங்குகிறோம் என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும். மண்டபத்தில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. "அடுத்த விஷயம், மண்டபத் திறப்பு," என்றார் செயலாளர். கதவுத் திறப்பு யாருடைய பையில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எல்லோரும் மிகுந்த ஆர்வத்தோடு பேசினார்கள்.

தகரம் அவரிடமே இருந்தது. அடுத்த சனிக்கிழமை, காசு போட்டவர்களுக்கு ஒரு ரொபி இனிப்புக் கொடுத்தார். அந்த ஞாயிறு கூட்டம் முடிந்து நடந்து வரும்போது அம்மா, "நல்லாக் கதைச்சாய்," என்றார். கொஞ்சத் தூரம் போனதும், "ஆனா அவ்வளவு விளக்கமாச் சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றார். அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்த பலரைப் போல உண்டியல் அண்ணையும் பிறகு லண்டனுக்குப் போனார். வெல்வெட்டைச் சுருட்டி, கைப்பெட்டிக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அந்த வருடம் நவம்பரில் எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பிள்ளை, இஞ்சை சனம் முழுக்கச் சிவப்புக் கடதாசிப் பூக் குத்தியிருக்குது. சண்டையிலை செத்த ஆக்களுக்காம். தகரத்திலை காசு போட்டாத் தருவினம். ரீவியிலை வாசிக்கிறவனும் குத்தியிருக்கிறான். ஒருத்தன் குத்தாமல் வந்திட்டான், அதைப் பேப்பரிலை எழுதியிருக்கினம்."

"நீங்கள் குத்தினனீங்களோ மாமா?"

"நாலு குத்தினனான்," என்றார். "நாலு தரம் குடுத்தனான்."

பேராசிரியர் கடைசியில் தலைப்புக்கு ஒப்புக்கொண்டார். முதியோர் இல்லத்தில் அம்மா துப்புரவு வேலை செய்கிறார். அங்கே இருக்கும் சிலரிடம் பேச அவர்தான் ஒழுங்கு செய்து தந்தார். எல்லோரும் விருப்பத்தோடு கொடுத்ததாகவே சொல்கிறார்கள். உடனே காலநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கேள்விகளில் எங்கோ பிழை இருக்கிறது என்று தோன்றியது. அதனால் புதுக் கேள்விகள் எழுதினேன், ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கினேன், போன சனிக்கிழமை வுப்பர்டாலுக்கு வந்து, அதை அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, முதல் கேள்வியை, ஏன் காசு கொடுத்தீர்கள் என்பதை, தமிழில் அவரிடம் கேட்டேன்.

"உதை ஆர் கேப்பினம்?" என்றார் அப்பா.

"நான் மட்டும்தான்."

அப்பா தொண்டையைச் சரிசெய்தார். கருவியின் பக்கம் குனிந்தார். "நான் விருப்பத்தோடைதான் குடுத்தனான்," என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிறகு கையை நீட்டி, பொத்தானைத் தானே அழுத்தி அதை நிறுத்தினார்.

"அண்ணை நல்ல மனிசன்தான்," என்று தொடங்கினார்.